கதவு திறந்த பிறகு மிச்சமிருக்கும் இடம்

சீல்காரர் எழுந்து நடக்கிறார் என்று என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். மூவரும் பார்த்தவர்கள் அல்ல, பார்த்தவரைப் பார்த்தவர்கள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நீச்சல் குளத்துக்குப் போகிறாராம். வாசலில் வீல்சேரை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. ஆள் இல்லையென்றால் எழுந்து, சோம்பல் முறித்து, விறுவிறுவென்று உள்ளே போய்விடுகிறாராம். மூன்றாமவர் சொல்லும்போது அவர் உயரப் பலகையில் ஏறிக் குதிக்கவும் தொடங்கியிருந்தார். இன்னும் இரண்டு வாய் தாண்டியிருந்தால் அந்தரத்தில் குட்டிக்கரணமும் அடித்திருப்பார்.

கேட்டவுடன் நம்பினேன். ஒருவர் நல்லவர் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்போம்; ஏமாற்றுக்காரர் என்றால் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. இரண்டு பேரிடம் நானும் சொல்லி வைத்தேன். அதற்கப்புறம்தான், எதற்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

சீல்காரர் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர். அரசு அலுவலக வளாகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி, ஆறடிக்கு நாலடியில் கடை. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் கிடைத்தது. வீல்சேரோடு உள்ளே போனால் திரும்ப இடமில்லை. காலையில் வீல்சேரைப் பின்னோக்கி உருட்டி நுழைந்து, சாயங்காலம் நேராக வெளியே வருவார். வளாகத்துக்குள் நடக்கிற எல்லா அலுவலகங்களின் 'பெறப்பட்டது', 'அனுப்பப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது' எல்லாம் அவர் கையில் பிறந்தவைதான். வலமிடமாகத் திரும்பிய எழுத்தைப் படித்துப் படித்து, நேராக எழுதியதைப் படிக்க ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வார்.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ். அதை நடத்துகிறவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவர் மட்டும் இல்லாவிட்டால் கலர் மெஷின் ஒன்று போடலாம் என்று சகலைக்கு நாலு வருடமாக ஒரு கனவு.

நான் போன செவ்வாய்க்கிழமை நீச்சல் குளத்தில் பள்ளிப் பிள்ளைகள் இல்லை, பயிற்சி ஆசிரியர் இல்லை. வாட்ச்மேனும் பம்ப் ஆபரேட்டரும் இருந்தார்கள், தண்ணீரில் சீல்காரரைப் போலவே செவ்வாய்தோறும் வருகிற ஐந்து பேர். குளத்துக்குப் போக அழகான சாய்தளம் கட்டியிருந்தார்கள், பளபளவென்று கைப்பிடி போட்டு. அது மேலே போய் ஒரு படியில் முடிந்தது. அந்த ஒற்றைப் படி எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரிக்குச் செங்கல் மிச்சம் இருந்திருக்க வேண்டும். வாட்ச்மேன் வீல்சேரைப் பின்னால் சாய்த்து, குறி பார்த்து, ஒரு உதை கொடுத்து ஏற்றினார்.

கரையில் சீல்காரர் பிரேக் போட்டார். உட்கார்ந்திருந்த மெத்தையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் வழுக்கி இறங்கினார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் வைத்தார். பிறகு வலது காலை. வேறு யாருடைய சாமானையோ நகர்த்தி வைக்கிறவரின் முகம் அப்போது அவருக்கு. அப்புறம் விழுந்தார். குதித்தார் என்றோ இறங்கினார் என்றோ எழுத எனக்கும் ஆசைதான்.

விழுந்த மனிதர் வேறு, மேலே வந்த மனிதர் வேறு. கால் இரண்டும் பின்னால் துணி மூட்டை மாதிரி மிதந்து வர, தோள் மட்டும் வேலை செய்தது. இருபது சுற்று. எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே எடுப்பதுதான் பெரிய கச்சேரி. வாட்ச்மேனும் பம்ப் ஆபரேட்டரும் அக்குளில் கை கொடுத்துக் கரைமேல் இழுத்தார்கள். தொடையின் பின்பக்கம் சிமெண்டில் உரசியது. அவருக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. அதனால் பையிலிருந்து ஒரு கைக்கண்ணாடி எடுத்து, பிறத்தியார் தோலைச் சோதிப்பதுபோல் பார்த்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னிக்கு ரத்தம் இல்லை," என்றார் வாட்ச்மேன், பரீட்சையில் பாஸ் என்று சொல்கிற குரலில்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் போயிருக்கலாம், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"எழுந்து நடக்கறேன்னா? எது வரைக்கும் நடக்கறேனாம்?"

"உயரப் பலகை வரைக்கும்."

தலையைத் துவட்டிக்கொண்டே அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தார். "ஏணி ஏறி பதினாறு வருஷம் ஆச்சு. கடைசியா ஏறினதுல இருந்து இன்னும் சரியா இறங்கவே இல்லை."

அந்த ஏணியின் கதை சின்னது. அப்போது அவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஒரு செருப்புக் கடையின் இரண்டாம் மாடியில் தகர எழுத்துகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். கடைசி எழுத்துக்கு முந்தின எழுத்தில் ஏணி சரிந்தது. முதுகெலும்பு. கடை முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். அரை மணி நேரம் வருத்தப்பட்டார். எழும்போது, மிச்சமிருக்கிற அந்த ஒரு எழுத்தை யாரை வைத்து மாட்டலாம் என்று யோசனை கேட்டார். சீல்காரர் ஒரு ஆளைச் சொல்லியும் அனுப்பினார்.

அதற்கப்புறம் கால் செய்ய வேண்டிய வேலையையும் தோள்தான் செய்தது. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு, வீல்சேரிலிருந்து கழிப்பறைக்கு, வீட்டிலிருந்து கடைக்கு. பதினைந்தாவது வருடம் வலது தோள் மறுப்புத் தெரிவித்தது. டாக்டர் தோளுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். கால் ஏற்கெனவே ஓய்வில்தான் இருக்கிறது, தோளும் போய்விட்டால் வேலைக்கு யார் வருவார்கள் என்று இவர் கேட்டார். அப்படியானால் தண்ணீர்தான் வழி, வாரம் ஒரு தடவையாவது நீந்துங்கள், இல்லையென்றால் இரண்டு வருடத்தில் உங்களைத் தூக்கிப் படுக்க வைக்க ஆள் தேட வேண்டிவரும் என்றார் டாக்டர். ஆகவே சீல்காரருக்கு நீச்சல் பொழுதுபோக்கு இல்லை. தன்னைத் தானே தூக்கிக்கொள்கிற உரிமை அது.

எங்கே நீந்தலாம் என்று கேட்க விளையாட்டுத் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அந்தப் பிரிவில் இல்லை, இந்தப் பிரிவில் கேளுங்கள். சார் சாப்பிடப் போயிருக்கிறார். சார் வந்துவிட்டார், ஆனால் அந்த விவரம் இல்லை. உங்கள் நம்பரைக் கொடுங்கள். பதினோரு தடவை கூப்பிட்டு, பதினோரு தடவையும் நம்பரைக் கொடுத்தார்.

அதே சமயம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. மாற்றுத்திறனாளிகள் எங்கெங்கே விளையாடலாம் என்று எளிதில் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி தயாரிக்க வேண்டும், இரண்டு வாரத்தில். பொறுப்பு ஒரு கிளார்க்கின் தலையில் விழுந்தது. கெட்டவர் இல்லை, இரண்டு வாரம் கொடுக்கப்பட்டவர். எல்லா மைதானங்களுக்கும் அரங்குகளுக்கும் ஒரு படிவம் அனுப்பினார். 'மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டா?' ஆம், இல்லை. 'இல்லை' என்று குறிப்பவர்கள் காரணத்தைத் தனித்தாளில் மூன்று பிரதிகளாக இணைக்க வேண்டும். முப்பத்தொரு இடத்துக்குப் போனது, முப்பத்தொன்றிலும் 'ஆம்' என்று வந்தது. சுவரேறிக் குதித்தால் மட்டுமே உள்ளே போகக்கூடிய ஒரு மைதானமும் 'ஆம்' போட்டிருந்தது.

'தொடர்புக்கு' என்று ஒரு கட்டம் பாக்கி இருந்தது. எந்த அரங்கும் தன் நம்பரைத் தரவில்லை. கிளார்க் விசாரணைப் பதிவேட்டைப் புரட்டினார். மாற்றுத்திறனாளி விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் பக்கம் பக்கமாக ஒரே நம்பர் இருந்தது. இந்த விஷயத்தில் இவ்வளவு ஈடுபாடு உள்ளவர் யாரோ பொறுப்பானவராகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தொரு இடத்துக்கும் அந்த நம்பரையே போட்டு அச்சுக்கு அனுப்பினார்.

'வாருங்கள், விளையாடலாம்' என்ற அந்த வழிகாட்டி வெளியான அன்று சீல்காரருக்கு ஏழு போன் வந்தது.

முதலில் அவர் தப்பு நம்பர் என்றார். கிளார்க்கிடம் முறையிட்டதற்கு, இரண்டாம் பதிப்பில் திருத்திவிடலாம், அதுவரை யாராவது கூப்பிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் சார் என்று பதில் வந்தது. அங்கேதான் ஆளைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். சீல் செய்கிறவனால் ஒரு எழுத்து இல்லாமல் விட முடியாது. பதினோரு தடவை 'தெரியாது' கேட்டவனால் அதைத் திருப்பிச் சொல்லவும் முடியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார்.

விசாரித்துச் சொன்ன முதல் பதிலே தப்பாகப் போனது. நகரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு இளைஞர், இறகுப்பந்து ஆட ஆசை, அரங்கின் கதவில் வீல்சேர் நுழையுமா என்று கேட்டார். சீல்காரர் அரங்கின் மேனேஜரிடம் கேட்டார். கதவு முப்பது அங்குலம் என்றார் மேனேஜர். இவர் அப்படியே சொன்னார். இளைஞர் அப்பாவோடு இரண்டு பஸ் மாறி வந்தார். கதவு முப்பது அங்குலம்தான். ஆனால் உள்ளே கோப்பை அடுக்கிய பீரோ ஒன்று நின்றதால் அது பாதிதான் திறக்கும். வீல்சேர் பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பந்தைக் கையில் பிடித்தபடி மரியாதையாக நின்றார்கள். அப்பா மகனைத் தோளில் தூக்கிப்போட்டு, சட்டை மேலேறி முதுகு தெரிய, உள்ளே கொண்டுபோய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். அப்போது யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நல்லெண்ணத்தோடு, ரொம்ப நேரம்.

அந்த இளைஞர் மறுபடி கூப்பிடவில்லை. சீல்காரர் மூன்று தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு இஞ்சி டேப்பை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வலிக்கிற தோளோடு, ஞாயிறுதோறும், ஒரு வருடத்தில் முப்பத்தொரு இடத்துக்கும் போய் வந்தார். அவருடைய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். 'பெரிய கேட் பூட்டு. வாட்ச்மேனிடம் லாரி வந்திருக்கிறது என்றால் திறப்பார்.' 'கழிப்பறை உண்டு, ஆனால் அதில் பக்கெட் வசிக்கிறது.' 'மேனேஜர் நல்லவர், அவர் இருக்கும்போது போகவேண்டாம், கூடவே வந்து உதவி செய்வார்.' ஒவ்வொரு இடத்துக்கும் கதவின் அளவு இருந்தது. அதுவும் கதவின் அளவு இல்லை. "கதவு எத்தனை அங்குலம்னு யாரும் கேக்கக் கூடாது. கதவைத் திறந்தப்புறம் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு, அதான் கேள்வி," என்பார்.

இப்படியாக, ஒரு துறை இரண்டு வாரத்தில் தப்பாகச் செய்ததை ஒரு மனிதர் ஒரு வருடத்தில் சரியாகச் செய்தார். முப்பத்தொன்றில் ஒன்பதுதான் தேறியது. அந்த ஒன்பதுக்கும் ஆள் போக ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமைக் குளத்தில் அவரோடு சேர்த்து ஆறு பேர். கண் தெரியாத மசாஜ்காரர் ஒருவர் கயிற்றைத் தொட்டபடியே நீந்துவார். கயிறு முடிந்தால் சுவர் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் சுவரைத் திட்டுவார். சீல்காரரின் தோள் பாதி வலியை இறக்கி வைத்திருந்தது.

விளையாட்டுத் துறை இதைத் தன் வெற்றி என்று கண்டுகொண்டது. இரண்டாம் பதிப்பின் அட்டைக்குப் போட்டோகிராபர் வந்தார். சீல்காரரின் சம்மதத்தைக் கேட்டு வாங்கினார்கள். படம் நன்றாக வந்தது: தண்ணீருக்கு மேலே இரண்டு கையும், நனைந்த தலையும், வாய் நிறையச் சிரிப்பும். இடுப்புக்குக் கீழே நீலம்தான். மேலே பெரிய எழுத்தில், 'தடைகளை வென்றவர்'. அட்டையை மாற்றினார்கள், முன்னுரையை மாற்றினார்கள். நம்பரை மாற்ற மட்டும் மறந்துபோனார்கள். அல்லது மாற்ற மனம் வரவில்லை, நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்ததே.

அந்தப் படம் வெளிவந்த பிறகுதான் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தது. நான் போய்ப் பார்த்தது அதற்கு மூன்றாவது வாரம்.

நான் பார்த்ததை எல்லோரிடமும் சொன்னேன். முன்பு சொன்ன அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். ஒருவர், அட, உங்கள் முன்னால் எப்படி நடப்பார் என்றார். இன்னொருவர் ஏற்கெனவே எட்டுப் பேரிடம் சொல்லிவிட்டதால், இனி மாற்றிச் சொன்னால் தன் மதிப்பு என்னாவது என்றார். உண்மைக்கு இந்தக் கஷ்டம் எப்போதும் உண்டு. அது நடந்து வர வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்களின் மறுமதிப்பீட்டுப் பிரிவுக்கு ஒரு மொட்டை மனு போனது. அட்டைப் படத்தின் ஜெராக்ஸ் இணைக்கப்பட்டிருந்தது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் கடை வைத்திருக்கிறார், உண்மையில் தகுதியுள்ள ஏழைகள் வெளியே நிற்கிறார்கள், ஆவன செய்யவும்.

விசாரணைக்கு வரச்சொன்ன கடிதத்தோடு அந்த மனுவின் பிரதி ஒன்றும் இவருக்கு வந்தது. இவர் அதைக் கடைக்குள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. சகலையின் மெஷினில் நாலு வருடமாக அந்தக் கோடு விழுகிறது. அந்த வளாகத்தில் பிறப்புச் சான்றிதழுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் வலது ஓரத்தில் அந்தக் கோடு உண்டு.

சகலையிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. விசாரணைக்கு எடுத்துப்போக வேண்டிய ஆவணங்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டி, இரண்டு செட் போடச் சொன்னார். சகலையும் போட்டுக் கொடுத்தார். கோட்டோடு.

"கவலைப்படாதீங்க சகலை. உண்மை நம்ம பக்கம் இருக்கு," என்றாராம் சகலை. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

விசாரணைக்கு சீல்காரரின் மனைவியும் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். அவர் வழியாகத்தான் அங்கே நடந்தது எனக்குத் தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, ஒரு டாக்டர். மேஜைமேல் அட்டைப் படம். அதிகாரி கோபமாகப் பேசவில்லை, பாராட்டினார். எவ்வளவு நம்பிக்கை தரும் படம், என் பெண்ணிடம்கூடக் காட்டினேன் என்றார். எத்தனை சுற்று நீந்துவீர்கள் என்று கேட்டார். இருபது என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாததும் ஒரு குறைதான், ஆனால் அதற்குச் சதவீதம் போட மாட்டார்கள். டாக்டர் எழுந்து வந்து தோளைப் பிடித்துப் பார்த்து, நல்ல தோள் என்று எழுதிக்கொண்டார். காலைப் பிடித்துப் பார்க்கவில்லை. படத்தில் கால் இல்லையே.

எழுபத்தைந்து சதவீதமாக இருந்த குறைபாடு அன்று ஐம்பதாக இறங்கியது. கடை ஒதுக்கீட்டுக்கு அறுபது வேண்டும். அதிகாரி சான்றிதழின்மேல் ஒரு சீலை அழுத்திக் குத்தினார்: 'தகுதி குறைக்கப்பட்டது'.

அந்த சீலைச் செய்தது சீல்காரர்தான். இரண்டு வாரத்துக்கு முன் அவசரம் என்று சொல்லி வாங்கிப்போனார்கள். சாப்பிடாமல் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். மேஜைமேல் சாய்ந்து அந்த எழுத்துகளை ஒரு நிமிடம் பார்த்தாராம். மனைவி, மனிதர் இடிந்துபோய்விட்டார் என்று நினைத்து முதுகில் கை வைத்திருக்கிறார்.

"மேடம், இங்க் ஜாஸ்தியா விடறீங்க," என்றாராம் சீல்காரர். "ஓரம் எல்லாம் ஊறி நிக்குது. லேசா ஒத்தினா போதும்."

அதிகாரி கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு வழி சொன்னார். இந்தப் படம் துறை தன் விளம்பரத்துக்காக எடுத்தது, நான் வழக்கமாக நீந்துகிறவன் இல்லை, இனியும் நீந்தமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் உத்தரவை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அப்புறம் குளத்தில் பார்த்ததாக யாராவது மனுப் போட்டால் தன் கையில் எதுவும் இல்லை. மனுப் போட யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார்.

வீட்டில் இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள் மனைவி காகிதத்தையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தார்.

"என்னங்க, நீச்சல் தெரியாம எத்தனையோ பேர் உயிரோட இருக்காங்க. அந்தக் கடை இல்லாம நாம இருக்க முடியாது."

"தோள் போயிடும்மா."

"நான் தூக்கறேன்."

அவர் மனைவியைப் பார்த்தாராம். இவர் எடை எழுபது கிலோ. அந்த அம்மாள் நாற்பத்தைந்து. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மற்றவர்களைப் புரட்டிப் போட்டுவிட்டு வருகிறவர். தூக்கறேன் என்று சொன்னதில் பொய் இல்லை. எத்தனை வருடம் என்று மட்டும் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எழுதினார். பிரதியை எனக்குக் காட்டினார். வலது ஓரத்தில் கோடு இருந்தது. 'அட்டைப் படத்தில் தண்ணீரில் இருப்பது நான்தான். ஆனால் நான் நீந்தவில்லை, மிதந்தேன். இனி மிதக்கவும் மாட்டேன்.' கீழே கையெழுத்து, அதற்குக் கீழே அவர் கடை சீல். இங்க் அளவாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை குளத்தில் ஐந்து பேர். அதற்கடுத்த வாரம் இரண்டு. செய்தி பரவிவிட்டது. ஒவ்வொருவர் பையிலும் ஒரு சான்றிதழ் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்துக் கடைக்காரர் இருக்கிறார். கடைசியாக மசாஜ்காரர் மட்டும் வந்து, கயிற்றைத் தொட்டு இரண்டு சுற்று போய்விட்டு, இங்கே வேறு யாராவது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று வாட்ச்மேனிடம் கேட்டாராம். யாரும் இல்லை என்று அவர் சொன்னதை நம்பவில்லை. அவரும் நின்றுவிட்டார். விளையாட்டுத் துறையின் அரையாண்டு அறிக்கையில், வசதிகள் செய்து கொடுத்தும் பயனாளிகளிடம் ஆர்வம் குறைவு என்று ஒரு வரி சேர்ந்தது.

சகலைக்கும் நஷ்டம்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். கலர் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். சுவர் அப்படியே நிற்கிறது. சகலை என்னவோ இப்போதெல்லாம் தன்னை முறைக்கிறார் என்று சீல்காரர் சொன்னார். ஏமாற்றப்பட்டவர் மாதிரி முறைக்கிறாராம்.

போன் மட்டும் நிற்கவில்லை. இரண்டாம் பதிப்பு இன்னும் விநியோகத்தில் இருக்கிறது. போன மாதம் நான் கடையில் இருக்கும்போது ஒன்று வந்தது. ஒரு பெண், முழங்கால் வலியாம், டாக்டர் தண்ணீரில் பயிற்சி செய்யச் சொன்னாராம், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் குளத்தில் கூட்டம் இருக்காது என்று கேள்விப்பட்டாராம், அப்படியா. குரலைக் கேட்டதும் சீல்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மறுமதிப்பீட்டு அதிகாரி. அவருக்கு இவர் யாரென்று தெரியவில்லை. இவர் ஒன்று விடாமல் சொன்னார். கூட்டம் இருக்காது. ஆழமில்லாத மூலையில் ஓடு வழுக்கும். ஏணியின் இடது கம்பி ஆடும், வலதைப் பிடித்து இறங்குங்கள். சாய்தளம் முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கிறது, முழங்கால் வலி என்றால் பார்த்து. அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு, யார் பேசுகிறீர்கள் என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"வழிகாட்டி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் சீல் ஒன்றை எடுக்க வலது கையை மேல்தட்டுக்கு நீட்டினார். பாதியில் கை நின்றது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தள்ளி எடுத்தார். முன்பு காலை நகர்த்தி வைத்தபோது பார்த்த அதே முகம். வேறு யாருடைய சாமானையோ தூக்குகிறவரின் முகம்.

இதில் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. விசாரணைக் கடிதம் வருவதற்கு முந்தின வாரம் ஒரு தையல் டீச்சர் போன் செய்திருந்தார். சக்கர நாற்காலிதான், அகலம் இருபத்தைந்து அங்குலம். அவருக்கு இரண்டு கேள்வி. குளத்தில் பெண்கள் உடைமாற்றும் அறையில் இந்த நாற்காலி நுழையுமா? அங்கே யாராவது கைதட்டுவார்களா?

இரண்டாவது கேள்விக்கு சீல்காரர் உடனே பதில் சொல்லிவிட்டாராம். வேடிக்கை பார்க்க வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார், அவர் கை எப்பவும் ஈரம், தட்டினாலும் சத்தம் வராது. முதல் கேள்விக்கு, நேரில் அளந்து சொல்கிறேன் என்றார். பெண்கள் அறையின் சாவி திங்கள், புதன், வெள்ளி மட்டும் வருகிற ஆயாவிடம் இருக்கும். புதன்கிழமை போகலாம் என்றிருந்தார். கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. இப்போது அந்தத் தெருவில் அவர் வீல்சேர் போனாலே மனுதான். தையல் டீச்சர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். தெரியாது என்று சொல்ல சீல்காரருக்கு இன்னும் வரவில்லை. இந்த வாரம் சொல்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நீங்க ஒரு தடவை போய் அளந்துட்டு வந்துடுங்க. என்னைப் பத்தி நாலு பேர்கிட்ட சொன்னீங்கல்ல, அதுக்குப் பதிலா வெச்சுக்குங்க," என்று இஞ்சி டேப்பை என் கையில் கொடுத்தார். நான் முதலில் சொன்ன அந்த இரண்டு பேரை அவர் அறிவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேர்தான், நாலு இல்லை என்று திருத்த வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

முதல் தடவை போனபோது ஆயா லீவு. இரண்டாம் தடவை இருந்தார். ஆம்பளை உள்ளே வரக்கூடாது என்று டேப்பை வாங்கிக்கொண்டு அவரே போனார். முப்பது என்று உள்ளிருந்து சத்தம் கொடுத்தார். எது முப்பது, கதவா, திறந்த பிறகு மிச்சமிருக்கும் இடமா என்று கேட்டேன். கதவை அளக்கச் சொன்னீங்க, அளந்தாச்சு என்றார். கதவுக்குப் பின்னால் ஏதாவது பீரோ, மேஜை இருக்கிறதா என்றேன். என்னென்னவோ இருக்கும், அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். டேப்பும் அவரோடு போனது.

முப்பது என்று சீல்காரரிடம் போய்ச் சொல்லலாம். அவர் சந்தோஷமாக டீச்சரிடம் சொல்வார். டீச்சரும் கிளம்பி வருவார். அதனால் இரண்டு வாரமாக அந்தச் சுற்றுச்சுவர்ப் பக்கம் நான் போகவில்லை. டீச்சர் நேற்று நாலாவது தடவை போன் செய்தாராம். அந்த அளவை நான் இன்னும் கொடுக்கவில்லை.